கோடி வூட்டுக் கரண்டு

கானமேட்டில் கல்பனாவின் வீட்டுக்கு அப்பால் கரண்டுக் கம்பம் கிடையாது. ரோட்டோரம் நிற்கும் டிரான்ஸ்பார்மரில் புறப்படுகிற கம்பி சரிவில் இறங்கி, சாமைக் கொல்லைகளையும் புளிய மரங்களையும் ஓடையையும் தாண்டி, முக்கால் கிலோமீட்டர் வந்து அவள் வீட்டுச் சுவரில் முடிந்துபோகும். அதற்கப்புறம் காடுதான். ஊரில் அதற்குக் கோடி வூடு என்று பேர்.

அண்ணன் தம்பி பாகம் பிரிந்தபோது கல்பனா குடும்பத்துக்கு விழுந்த வீடு அது. மூத்தவர் ரங்கனுக்கு ரோட்டோர வீடும் அதை ஒட்டிய மாட்டுக் கொட்டகையும். இளையவன், கல்பனாவின் புருஷன் ராஜ்குமாருக்குக் கீழ்க்கொல்லையும் கோடி வூடும். பாகத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, கீழ்க்கொல்லை மண் பொன் விளைகிற மண். ஆனால் பஞ்சாயத்து முடிந்து எல்லோரும் துண்டை உதறிக்கொண்டு எழுந்தபோது, ரங்கனின் பெண்சாதி அம்மாக்கண்ணு, கல்பனா காதில் விழுகிற மாதிரி, "பிளஸ் டூ படிச்சவ. அவளுக்கு இருட்டுலகூட கண்ணு தெரியும்" என்று சொல்லிவிட்டாள். யாரோ சிரித்தார்கள். அன்றோடு ஓரகத்திகள் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. அம்மாக்கண்ணு ரோட்டோர வீட்டில் ஒரு கடை வைத்தாள். கல்பனா பால் பாக்கெட் வேண்டுமென்றால்கூட அடுத்த ஊர் வரைக்கும் நடந்தாள்.

சாமை குத்துகிற மெஷின் கல்பனாவின் யோசனை. மலையில் விளைகிற சாமையை மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றி, கீழே ஒடுகத்தூரில் குத்திக்கொண்டு வருவதற்குள் பெண்களுக்கு ஒரு நாள் போய்விடும். மகளிர் குழு மூலமாக இரண்டு ஹெச்.பி. மோட்டாரோடு ஒரு மெஷினை வாங்கி, வீட்டு முன்னறையில் சிமெண்டு மேடை கட்டி இறக்கினாள். பூசை போட்டு சுவிட்சைத் தட்டினாள். மோட்டார் "ம்ம்ம்" என்று முனகியது. சக்கரம் ஒரு நடுக்கம் நடுங்கி அப்படியே நின்றது. பூசைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு செல்லியம்மாள், "இன்னாடி, மாடு கன்னு போடற மாதிரி கத்துது" என்றாள்.

பெல்ட்டைக் கையால் இழுத்துவிட்டுக்கொண்டே சுவிட்சைப் போட்டால் சில நாள் பிடித்துக்கொள்ளும். பல நாள் பிடிக்காது. முனகி முனகியே மோட்டாருக்குள் சுற்றியிருக்கிற கம்பிச் சுருள், அந்தக் காயில், கருகிப்போகும். ராஜ்குமார் மோட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒடுகத்தூருக்குப் போவான். இரண்டாம் முறை போனபோது காயில் கட்டுகிற கடைக்காரர், "மோட்டார் மேல தப்பு இல்லப்பா. உங்க ஊர்ல வோல்ட்டேஜ் இல்ல. நான் எத்தினி தடவ கட்டினாலும் எரியத்தான் எரியும்" என்று சொல்லி அனுப்பினார்.

கல்பனாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது என்று தோன்றியது. கம்பி ரோட்டிலிருந்து வருகிறது. முதலில் இருக்கிறவர்கள் முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். அம்மாக்கண்ணு கடையில் பிரிட்ஜ், பெரிய டிவி, இரண்டு பேன். மிச்சம் மீதிதான் கோடிக்கு வருகிறது. பந்தியில் கடைசி இலை மாதிரி. பார்க்கிறவர்களிடமெல்லாம் அவள் அதையே சொன்னாள்.

லைன்மேன் பிரகாஷ் படவேட்டுப் பக்கத்துக்காரர். மலையில் பல ஊர்களுக்கு அவர் ஒருவர்தான். யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்ல வராது அவருக்கு. கல்பனா ஒரு நாள் அவரை வழிமறித்து நிறுத்தினாள்.

"பிரகாஷண்ணா, எங்க வூட்டுக்கு வர்றதுக்குள்ள கரண்டு செத்துப்போவுது. எதுனா பண்ணுங்க."

"இன்னாம்மா பண்றது? தூரம் அப்படி." தலையைச் சொறிந்தார். "ஒன்னு பண்ணலாம். டேப்பு மாத்தி வைக்கலாம்."

"டேப்பா?"

"டிரான்ஸ்பார்மர் ஓரத்துல ஒரு திருகு இருக்குது. உள்ள கம்பி சுத்தி வச்சிருக்காங்கல்ல, அதுல பதினோராயிரம் வோல்ட்டு வர்ற பக்கத்துச் சுத்தைக் கொஞ்சம் கழிச்சிடும். அங்க சுத்து கொறைஞ்சா நம்ம வூட்டுப் பக்கம் வோல்ட்டு ஏறும். ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் செய்யணும். ஆனா நீ இவ்ளோ கஷ்டப்படற."

ஆபீஸில் அவர் கேட்கவில்லை. மறுநாள் லைனை நிறுத்திவிட்டு ஏறி, அந்தத் திருகைக் கடைசிப் புள்ளி வரைக்கும் திருப்பி வைத்தார். கீழே இறங்கி மீட்டர் வைத்துப் பார்த்தார். இருநூற்று ஐம்பது காட்டியது. "நல்லாத்தான இருக்குது" என்று தனக்கே சொல்லிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் கல்பனா சுவிட்சைத் தட்டினாள். மோட்டார் ஒரு முனகலோடு சரசரவென்று சுற்றிக் கிளம்பியது. சாமை ஒரு பக்கம், உமி ஒரு பக்கம் என்று பிரிந்து விழுந்தபோது அவள் அரிசியை இரண்டு கையிலும் அள்ளிப் பார்த்தாள். மறுநாளே ஓடைக்கு அந்தப் பக்கமிருந்தெல்லாம் பெண்கள் தலையில் மூட்டையோடு வந்தார்கள். கோடி வூட்டு வாசலில் வரிசை நின்றது. ராஜ்குமார் வரிசையைப் பார்த்துவிட்டு, "இப்பதான் நம்ம வூட்டுக்கு வழி தெரிஞ்சிருக்குது ஊருக்கு" என்றான்.

பிறகு மழை பிடித்தது. காலையில் ஆரம்பித்த மழை மத்தியானம் வரைக்கும் விடவில்லை. சாமையை நனைத்துக்கொண்டு யாரும் வரமாட்டார்கள் என்று கல்பனா மெஷினைப் போடவில்லை. மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த நேரத்தில் சரிவில் யாரோ இறங்கி வருவது தெரிந்தது. அம்மாக்கண்ணு. சேற்றில் காலை ஊன்றி ஊன்றி, புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாகம் பிரிந்த பிறகு அவள் அந்தச் சரிவில் இறங்கியதே இல்லை.

வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"பிரகாஷுகிட்ட சொல்லி கரண்டு ஏத்தினது நீதானா?"

கல்பனா பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள். கத்துவாள் என்று கல்பனா எதிர்பார்த்தாள், அவள் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பிரிட்ஜு புகைஞ்சு போச்சு. சுப்பிரமணி வூட்டு டிவியும் போச்சு. பிரிட்ஜு போனா போவுது, இரும்புப் பொட்டி. உங்க மாமாவுக்குப் போடற ஊசி மருந்து அதுலதான் இருந்திச்சு. நான் வியாபாரத்துல இருந்தவ, கவனிக்கல. தொட்டுப் பாத்தா உள்ள கொதிக்குது."

"மாமாவுக்கு ஊசியா? எப்பலேர்ந்து?"

"நீ இன்னாத்துக்குக் கேக்கற?" என்றாள் அம்மாக்கண்ணு. திரும்பி ஏறிப் போனாள்.

ரங்கனுக்குச் சர்க்கரை என்பது கல்பனாவுக்குத் தெரியும். மாத்திரையை விட்டு ஊசிக்கு வந்துவிட்டது என்பது தெரியாது. தெரிந்துகொள்கிற வழியை எல்லாம் அவளே அடைத்து வைத்திருந்தாள். ராஜ்குமாரிடம் சொன்னபோது அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை நகர்த்தி வைத்துவிட்டு வெளியே போய் நின்றான். ரங்கன் மறுநாள் ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வேறு மருந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார் என்று செல்லியம்மாள் மூலம் தெரிந்த பிறகுதான் இருவருக்கும் மூச்சு வந்தது.

விஷயம் கரண்டு ஆபீஸ் வரைக்கும் போனது. இரண்டு நாள் கழித்து ஜீப்பில் பிரகாஷோடு உதவிப் பொறியாளர் வந்து இறங்கினார். பேர் சைமா. வாணியம்பாடிக்காரர். அப்பா தோல் மண்டியில் வேலை பார்த்தவர். மலைக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. கொண்டை ஊசி வளைவுகள் இன்னும் பழகவில்லை. இறங்கியதும் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு நின்று, பையிலிருந்து ஒரு இஞ்சி மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடித் திறந்தார். அதற்குள் ஊர் கூடிவிட்டது.

டிவி போன சுப்பிரமணிதான் முதலில் பேசினார். "மேடம், இந்தச் சின்ன டிரான்ஸ்பார்மரை வச்சிட்டு நாங்க படற பாடு போதும். அறுபத்திமூணை எடுத்துட்டு நூறு கே.வி.ஏ. போட்டுக் கொடுங்க. அப்பதான் கோடி வரைக்கும் போவும்."

"பாத்துடலாங்க" என்றார் சைமா. கவ்வி மாதிரி இருந்த மீட்டரை பிரகாஷ் ஒவ்வொரு கம்பியிலும் மாட்டிக் காட்டினார். சைமா மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டு வாய்விட்டுச் சொன்னார்.

"அறுபத்திமூணு கே.வி.ஏ.ன்னா அறுபத்திமூவாயிரம். அதை நானூத்தி முப்பத்திமூணு வோல்ட்டாலயும், மூணு பேஸு, அதாவது கரண்டு மூணு கம்பியில வர்றதால கிட்டத்தட்ட ஒன்னே முக்காலாலயும் வகுத்தா எண்பத்தி நாலு ஆம்பியர் வருது. ஒவ்வொரு கம்பியிலயும் அவ்ளோ எடுக்கலாம். நீங்க எடுக்கறது ஜாஸ்தியா இருக்கிற கம்பியிலயே முப்பத்தெட்டு. பாதிகூட இல்லைங்க. பெரிய அண்டா வச்சா சின்னக் குழாய்ல தண்ணி வேகமா வருமா?"

சைமா டிரான்ஸ்பார்மரைச் சுற்றி வந்து அண்ணாந்து பார்த்தார். "டேப்பை யாரு கடைசிக்குத் தள்ளினது?"

பிரகாஷ் தலை குனிந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள், கூட்டத்தின் ஓரத்தில் நின்ற கல்பனா, "நான்தான் கேட்டேன் மேடம். அவருக்கு வேற வழி தெரியல" என்றாள். கடை வாசலில் நின்ற அம்மாக்கண்ணு அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

சைமா திட்டவில்லை. திட்டுவதைவிட விளக்கிச் சொல்வதில் அவருக்கு ஆசை என்பது போகப்போகத் தெரிந்தது. "இதுக்குள்ள ரெண்டு சுருள் இருக்குதுங்க. ரெண்டும் ஒன்னையொன்னு தொடறதில்ல. ரெண்டுக்கும் நடுவுல ஒரு இரும்பு. மேல் சுருள்ல கரண்டு முன்னும் பின்னும் போகப்போக அந்த இரும்புல காந்தம் ஏறி எறங்குது. அந்த ஏத்த எறக்கந்தான் கீழ்ச் சுருள்ல கரண்டை எழுப்புது. மேல் சுருளுக்கு வர்ற பதினோராயிரம் வோல்ட்டை அந்தச் சுத்துங்க எல்லாம் சமமாப் பங்கு போட்டுக்கும். ஒரு சுத்துக்கு எவ்ளோ பங்கோ, கீழ்ச் சுருள்லயும் ஒவ்வொரு சுத்துக்கும் அதே பங்குதான். கீழ ஒரு சுத்துன்னா மேல நாப்பத்திநாலு சுத்து. பதினோராயிரத்தை நாப்பத்திநாலால வகுத்தா இருநூத்தி அம்பது. புரியுதுங்களா?"

கல்பனா தலையாட்டினாள்.

"பிரகாஷ் டேப்பைத் திருப்பினதும் மேல நாப்பத்திநாலுக்குப் பதிலா நாப்பது சுத்துதான். பங்காளி கொறைஞ்சா பங்கு ஜாஸ்தி. அன்னைக்கு நல்ல வெயிலு, மலை பூரா மோட்டார் ஓடுது. மேல் லைன்லயே பத்தாயிரந்தான் வந்திருக்கும். பத்தாயிரத்தை நாப்பதால வகுத்தா இருநூத்தி அம்பது. மீட்டர் சரியாத்தான் காட்டியிருக்குது. மழை வந்திச்சு. கிணத்து மோட்டார் ஒன்னும் ஓடல. மேல பதினோராயிரம் முழுசா வந்திடுச்சு. அதை நாப்பதால வகுங்க."

"இருநூத்தி எழுபத்தஞ்சு" என்றாள் கல்பனா. சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"டிரான்ஸ்பார்மர் பக்கத்து வூடுங்களுக்கு அது அப்படியே போவும். பிரிட்ஜு தாங்காதுங்க."

பிரகாஷ் லைனை நிறுத்தி டேப்பைப் பழைய இடத்துக்கே திருப்பினார். அதன் பிறகு சைமா, "வாங்க, உங்க மெஷினைப் பாக்கலாம்" என்று கல்பனாவைக் கூட்டிக்கொண்டு சரிவில் இறங்கினார். வழியில் சில வீடுகளில் நின்று மீட்டரை வைத்துப் பார்த்தார். டிரான்ஸ்பார்மர் அடியில் இருநூற்று இருபத்தேழு. ஓடைக்கு மேலே இருநூற்றுப் பதினெட்டு. செல்லியம்மாள் வீட்டில் இருநூற்றுப் பத்து. கல்பனாவின் சுவரில் இருநூற்று ஏழு.

"இதுல மெஷின் ஓடணுமே" என்றார் சைமா. "எங்க, போடுங்க பாக்கலாம். ஸ்விட்சு போடற நேரத்துல மீட்டரை மட்டும் பாருங்க. மோட்டாரைப் பாக்காதீங்க."

ராஜ்குமார் பெல்ட்டை இழுத்துவிட, கல்பனா சுவிட்சைத் தட்டினாள். மீட்டரில் எண் மலையிலிருந்து உருண்ட கல் மாதிரி விழுந்தது. நூற்றுப் பத்துக்கும் கீழே. மோட்டார் முனகி, திணறி, ஒருவழியாகச் சுற்றத் தொடங்கியதும் எண் மெல்ல ஏறி நூற்று எண்பத்தேழில் நின்றது.

கல்பனா சுவிட்சை அணைத்தாள். மீட்டர் மறுபடி இருநூற்று ஏழுக்கு ஏறியது. திரும்பப் போட்டாள். விழுந்தது. அணைத்தாள். ஏறியது.

"மேடம், மோட்டார் ஓடும்போது கொறையற இருபது வோல்ட்டு. அதை யாரு எடுக்கறா? ரோட்டோர வூட்டுக்காரங்களா?"

"அவங்க எப்படிங்க எடுப்பாங்க? அவங்க எடுக்கறது டிரான்ஸ்பார்மர்லேர்ந்து ரெண்டடிக் கம்பியில போயிடுது. உங்க கம்பிக்கு அது வர்றதே இல்ல."

உமி படிந்த சிமெண்டு மேடையில் சைமா விரலால் எழுதினார். போகிற கம்பி, திரும்புகிற கம்பி, இரண்டும் சேர்ந்து தடை இரண்டு ஓம். மோட்டார் ஓடும்போது இழுப்பது பத்து ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் இருபது வோல்ட். கம்பி அதைச் சூடாக்கித் தின்றுவிடுகிறது. கிளம்புகிற நேரத்தில் மோட்டார் ஐந்து பங்கு கேட்கும். ஐம்பது ஆம்பியர். நூறு வோல்ட்.

"இந்தப் பக்கத்து வூடுங்க எல்லாம் சேந்து ஒரு பத்து ஆம்பியர் எடுக்கறாங்க. அதுக்கு ஒரு இருபது. அதான் மெஷின் நின்னிருந்தாலும் இருநூத்தி ஏழு."

கல்பனா அந்த மேடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை காலம், மேலே இருப்பவர்கள் தன் இலையிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறார்கள் என்று நினைத்துக் கறுவிக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் மெஷின் கேட்கக் கேட்கத்தான் அவளுக்கு வருவது குறைந்திருக்கிறது. அவளுக்கு மட்டுமா? மெஷின் போடும்போதெல்லாம் செல்லியம்மாள் வீட்டு பல்பு மின்மினிப் பூச்சியாகிவிடும். அந்தக் கிழவி ஒரு நாளும் அதைப் பெரிதாகச் சொன்னதில்லை.

"அப்ப பதினோராயிரத்தை அப்படியே இங்க வரைக்கும் கொண்டாந்தா?" என்று ராஜ்குமார் கேட்டான்.

"அதாங்க சரியான வழி" என்றபோது சைமாவின் முகம் மலர்ந்தது. "டிரான்ஸ்பார்மர் எதையும் புதுசா உண்டாக்கறதில்ல. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினா மேலயும் கீழயும் கிட்டத்தட்ட ஒன்னுதான். வோல்ட்டு ஜாஸ்தியா இருக்கிற பக்கம் ஆம்பியர் கொறைச்சல். ஆம்பியர் கொறைஞ்சா கம்பி தின்றதும் கொறைஞ்சிடும். மலை ஏறி அவ்ளோ தூரம் பதினோராயிரமா கொண்டாறது அதுக்குத்தான். டிரான்ஸ்பார்மரை ஊர் நடுவுல, ஓடைகிட்ட வச்சா எல்லாருக்கும் நல்லது. எஸ்டிமேட் போட்டு அனுப்பறேன். கம்பம் வேணும், எடம் வேணும், மேல கையெழுத்து ஆவணும். எப்ப வரும்னு பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்லைங்க."

வெளியே வாசலில், குத்துவதற்கு யாரோ வைத்துவிட்டுப் போன சாமை மூட்டை ஒன்று சாய்ந்து கிடந்தது.

"டிரான்ஸ்பார்மர் இங்க வர்றதுக்கு நாளாவும்" என்று கல்பனா மெதுவாகச் சொன்னாள். "மெஷின் அங்க போனா?"

சைமா அவளைப் பார்த்தார். "போனா இன்னைக்கே ஓடும். கம்பி நீளமே இருக்காது. பெல்ட்டைத் தொடாமலே கிளம்பும். இங்க வூடுங்களுக்கும் வெளிச்சம் கொறையாது. நான் சொல்லியிருக்கலாம். ஆனா வூட்டுல வச்சு நடத்தற பொழைப்பை எடுத்துட்டுப் போன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

ஜீப் போன பிறகு ராஜ்குமார் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான். "அங்க எடம் யாருது? அண்ணன் வூட்டை ஒட்டித்தான் எடம். அண்ணி வாசல்ல போய் நிக்கச் சொல்றியா என்னை?"

"உன்னைச் சொல்லல. நான் போறேன்."

"பிரிட்ஜை எரிச்சிட்டு மெஷினுக்கு எடம் கேக்கப் போறியா? நல்லா இருக்குது."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் கல்பனா அன்றைக்குப் போகவில்லை. மறுநாள் காலையிலும் இரண்டு தரம் புறப்பட்டு ஓடை வரைக்கும் போய்த் திரும்பினாள். மூன்றாம் தரம் ஓடையில் காலைக் கழுவிக்கொண்டு நேரே ஏறிவிட்டாள்.

அம்மாக்கண்ணு கடைக்குப் பின்னால் உட்கார்ந்து புளி உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஈர மணல் நிரப்பிய மண் பானை, அதற்குள் இன்னொரு சின்னச் சட்டி, மேலே நனைத்த துணி. மருந்து அதற்குள் இருக்கிறது என்று கல்பனாவுக்குப் பார்த்ததும் தெரிந்தது. நர்ஸ் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். ரங்கன் உள்ளே கட்டிலில் இருந்தார். "யாரு, கல்பனாவா?" என்று கேட்ட குரலில் கோபம் இல்லை. பழைய குரல்தான், கொஞ்சம் மெலிந்திருந்தது.

"அக்கா, நான் ஒன்னு கேக்க வந்தேன். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க."

அம்மாக்கண்ணு புளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கல்பனா சொன்னாள். மேடையில் விரலால் எழுதிய கணக்கை வாயாலேயே சொன்னாள். தூரம், ஆம்பியர், கம்பி தின்பது எல்லாம். சொல்லி முடித்ததும் அம்மாக்கண்ணு கேட்டாள்.

"அப்ப நாங்க உன் கரண்டை எடுக்கலையா?"

"இல்லக்கா."

"ஊர் பூரா அப்படித்தான சொல்லிட்டுத் திரிஞ்ச."

"ஆமாக்கா. சொன்னேன்."

புளியங்கொட்டை ஒன்று தெறித்துத் தரையில் உருண்டது. அம்மாக்கண்ணு அதை எடுத்து முறத்தில் போட்டாள். அடுத்ததை உரித்தாள். அதற்கடுத்ததையும் உரித்தாள். கல்பனா நின்றுகொண்டே இருந்தாள். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை.

"மெஷின் போட்டா தூசி பறக்கும்" என்றாள் அம்மாக்கண்ணு கடைசியில்.

"பறக்கும்."

"உமி ஒரு துளி என் கடைக்குள்ள வரக்கூடாது. பிஸ்கட் பாக்கெட் மேல படிஞ்சா எவன் வாங்குவான்?"

"வராதுக்கா. தகரம் கட்டி மறைச்சிடறேன்."

"மாட்டுக் கொட்டகை காலியாத்தான் கிடக்குது. இவருக்கு முடியாமப் போனதுலேர்ந்து ஒரு மாடுதான். அதைப் பக்கத்துல கட்டிக்குவேன்." முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். "உமி எனக்கு. மாட்டுக்கு."

"எடுத்துக்கோங்க."

"பிரிட்ஜு?"

உள்ளேயிருந்து ரங்கன், "அது தம்பி வேலை. அவனை வரச் சொல்லு" என்றார்.

ராஜ்குமார் வந்தான். அன்று மாலையே இல்லை, அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாள் ஒரு லோடு ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்து, பிரிட்ஜைத் தூக்கிக் கட்டினான். "நானும் வர்றேன், எனக்கும் டவுனைப் பாத்து நாளாச்சு" என்று ரங்கன் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். ஒடுகத்தூரில் மெக்கானிக் கம்ப்ரஸரை மாற்றி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதுவரைக்கும் அண்ணனும் தம்பியும் கடை வாசலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இன்னா பேசினீங்க என்று கல்பனா கேட்டபோது ராஜ்குமார், "மழையைப் பத்தி" என்றான். பிறகு, "அவரு காலு வீங்கியிருக்குது" என்றான். ரங்கன் மறுமுறை ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளன்று அவனே இரவல் வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஏறினான்.

கொட்டகையில் புதுச் சிமெண்டு மேடை போட்டு மெஷினை இறக்கினார்கள். பிரகாஷ் வந்து சர்வீஸ் ஒயர் இழுத்துக் கொடுத்தார். இந்த முறை ஆபீஸ் உத்தரவோடு வந்திருந்தார். அதை இரண்டு தரம் சொன்னார். கல்பனா சுவிட்சைத் தட்டினாள். பெல்ட்டைத் தொட வேண்டியிருக்கவில்லை. மோட்டார் எந்த முனகலும் இல்லாமல் எழுந்து ஓடியது. அவள் வாங்கி மாட்டியிருந்த சின்ன வோல்ட் மீட்டரில் முள் லேசாக ஆடி, பழைய இடத்திலேயே நின்றது.

எல்லாமே லாபம் என்று சொல்ல முடியாது. முன்னே வீட்டு வேலையோடு வேலையாக மெஷினைப் போடுவாள். இப்போது காலையில் கஞ்சியைக் குடித்துவிட்டு ஏறினால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் இறங்க முடிகிறது. கோடி வூட்டு வாசலில் நின்ற வரிசை இப்போது அம்மாக்கண்ணு கடை வாசலில் நிற்கிறது. சாமை குத்துகிறவரைக்கும் காத்திருக்கிற பெண்கள் டீ குடிக்கிறார்கள், சோப்பு வாங்குகிறார்கள். கல்பனா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சில நாள் அது உறுத்தியது. சில நாள் உறுத்தவில்லை.

புளி சீசன் முடிகிற நேரம். ஒரு மத்தியானம் கூட்டம் இல்லை. கல்பனா மெஷினை நிறுத்திவிட்டு, தகரத் தடுப்பின் மேல் படிந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மாக்கண்ணு கடையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மாவு அரைக்கிற கிரைண்டர், பெருசு, கடைக்கு வைக்கிற மாதிரி. அது எத்தினி ஆம்பியர் இழுக்கும்?"

கல்பனா துணியை வைத்தாள். "எத்தினி ஹெச்.பி.?"

"ஒன்னுன்னு சொன்னாங்க. கலசப்பாக்கத்துல பாத்தேன். இட்லி மாவு அரைச்சு பாக்கெட் போட்டா இந்த ரோட்டுல போற பஸ்ஸு எல்லாம் நின்னு வாங்கும்."

கல்பனா மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். "ஒரு அஞ்சு ஆறு ஆம்பியர். தாங்கும்க்கா. ஆனா என் மெஷின் மாட்டியிருக்கிற பேஸுல வைக்காம வேற பேஸுல மாட்டச் சொல்லணும். ரெண்டும் ஒரே கம்பியில சேந்தாப்பல கிளம்பினா கஷ்டம். நேரம்கூட மாத்தி மாத்தி வச்சுக்கலாம். நான் காலையில ஓட்டினா நீங்க..."

"நேரத்தை நீ சொல்லாத" என்றாள் அம்மாக்கண்ணு. "என் கடை. நான் சொல்றேன், நீ கேட்டுக்கோ."

"சரிக்கா. நீங்களே சொல்லுங்க."

அம்மாக்கண்ணு வாசல்படியில் உட்கார்ந்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே யோசித்தாள். கல்பனா கொட்டகைத் தூணில் சாய்ந்து காத்திருந்தாள். ரோட்டில் ஜமுனாமரத்தூர் பஸ் வளைவு ஏறுகிற சத்தம் கேட்டது.

"காலையில நீ ஓட்டு" என்றாள் அம்மாக்கண்ணு. "நான் மத்தியானம் ஓட்டறேன்."